ரெக்ஸமுக்கு மூன்று நாள்

தேனாம்பேட்டையிலிருந்து வேல்ஸ் நாட்டின் ரெக்ஸம் நகரத்துக்குப் போக விரும்புகிறவர்கள் முதலில் மெட்ரோ ரயிலில் ஏறி உயர்நீதிமன்ற நிலையத்தில் இறங்க வேண்டும். வேடிக்கைக்காக இதைச் சொல்லவில்லை. ஏஜி-டிஎம்எஸ் நிலையத்தில் ஏறினால் ஐந்தாவது நிறுத்தம். படியேறி வெளியே வந்து, பழைய சட்டக் கல்லூரிக் கட்டடத்தின் பக்கம் நடந்தால், கூர்ந்து உயர்ந்த ஒரு செங்கல் தூபி தெரியும். அதைச் சுற்றிக் கார்களும் இருசக்கர வாகனங்களும் நிற்கும். நாங்கள் சென்ற அன்று வாயிலில் இருந்த காவலர், “யாரைப் பாக்கணுங்க?” என்று கேட்டார். “ஒரு சமாதியைப் பாக்கணும் தம்பி” என்றோம். அவர் ஒரு கணம் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, வழக்குக்கு வந்தவர்களில்லை என்று நிச்சயித்துக்கொண்டு வழிவிட்டார்.

அந்தத் தூபியின் கீழ் இருவர் கிடக்கிறார்கள். ஒருவர் ஜோசப் ஹின்மர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரி, 1680இல் இறந்தவர். மற்றவன் டேவிட் யேல், 1688இல் இறந்த சிறுவன், நான்கு வயதைத் தாண்டாதவன். ஹின்மர்ஸ் இறந்த அதே ஆண்டில் அவருடைய மனைவி கேத்தரினை எலிஹூ யேல் மணந்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்தவன் டேவிட். அவனைத் தாயின் முதல் கணவருக்குப் பக்கத்தில் அடக்கம் செய்தார்கள். இந்த இடம் முழுவதும் அன்று ஆங்கிலேயரின் இடுகாடு. 1758 டிசம்பரில் லாலியின் பிரெஞ்சுப் படை வந்து கோட்டையை முற்றுகையிட்டபோது சமாதிகளின் மறைவில் நின்று சுட்டது. முற்றுகை நீங்கிய பிறகு ஆங்கிலேயர் கல்லறைகளை இடித்து, எழுத்துப் பொறித்த கற்களைக் கோட்டைக்குள் தூய மேரி தேவாலயத்தின் முற்றத்துக்குக் கொண்டுபோய்ப் பாவினார்கள். இடத்திலேயே விடப்பட்டவை இரண்டு; அவற்றுள் இது ஒன்று. வாகன நிறுத்தம் கட்டுவதற்காக இதையும் வேறிடத்துக்கு மாற்ற வேண்டும் என்று 2023இல் உயர்நீதிமன்றத்தில் ஓர் உத்தரவு பிறந்தது. அந்தச் செய்தியைப் படித்த நாளில்தான் எங்கள் வீட்டில் ரெக்ஸம் என்ற பெயர் முதன்முறையாக உரக்க உச்சரிக்கப்பட்டது. மகன் இங்கே இருக்கிறான். தகப்பன் ரெக்ஸமில் இருக்கிறார்.

இடம் மாறும் நினைவுச் சின்னங்கள் எங்கள் பேட்டைக்குப் புதியவையல்ல. நாங்கள் நாள்தோறும் கடக்கும் செனடாப் சாலைக்குப் பெயர் தந்தது காரன்வாலிஸ் பிரபுவின் நினைவு மண்டபம். மண்டபம் இங்கிருந்து போய்ப் பல காலமாயிற்று. பெயர் மட்டும் சாலையில் நிற்கிறது. அந்தப் பெயருக்குப் பொருள் ‘உடல் இல்லாத சமாதி’ என்று ஆட்டோ ஓட்டுநர் ஒருவரிடம் சொன்னபோது, “அப்போ சாமி கும்பிட வேண்டியதில்லைங்க” என்றார். அதற்கு மறுமொழி எங்களிடம் இல்லை.

எலிஹூ யேல் 1649இல் அமெரிக்காவில் பாஸ்டனில் பிறந்தவர். குடும்பம் வேல்ஸைச் சேர்ந்தது; யேல் என்ற பெயரே ரெக்ஸமுக்கு மேற்கில் மலைப்பாங்கான ‘யால்’ என்னும் வட்டாரத்தின் பெயர்தான். குழந்தைப் பருவத்திலேயே பிரிட்டனுக்குத் திரும்பி, 1672இல் மதராசுக்குக் கம்பெனியின் எழுத்தராக வந்தார். இருபத்தேழு ஆண்டுகள் இங்கேயே இருந்தார். கோட்டைக்குள்ளிருக்கும் தூய மேரி தேவாலயம் 1680 அக்டோபர் 28ஆம் நாள் அர்ப்பணிக்கப்பட்டது. ஒரு வாரம் கழித்து நவம்பர் 4ஆம் நாள் அங்கே நடந்த முதல் திருமணம் யேலுடையது. 1687 முதல் 1692 வரை ஆளுநர். சென்னை மாநகராட்சி 1688இல் நிறுவப்பட்டது இவர் காலத்தில்தான். 1690இல் மராட்டியரிடமிருந்து கடலூருக்கு அருகே தேவனாம்பட்டினம் கோட்டையை விலைக்கு வாங்கினார். பீரங்கிக் குண்டு எவ்வளவு தொலைவு சென்று விழுகிறதோ அதுவரை உள்ள நிலம் கம்பெனிக்கு என்பது பேச்சு. குண்டு விழுந்த ஊர்கள் ‘குண்டு கிராமங்கள்’ ஆயின. கோட்டைக்குச் செயின்ட் டேவிட் என்று பெயரிட்டார்கள். வேல்ஸ் நாட்டின் காவல் புனிதர் பெயர் அது என்பார்கள். மகன் இறந்து இரண்டு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அவன் பெயரும் டேவிட். நாங்கள் இரண்டையும் சேர்த்தே எண்ணிக்கொள்கிறோம்.

இனி எங்களைப் பற்றிச் சிறிது. நாங்கள் இருவர், எல்டாம்ஸ் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் முப்பது ஆண்டுகளாகக் குடியிருக்கும் கணவன் மனைவி. எங்களில் ஒருவர் பள்ளியில் வரலாறு கற்பித்தவர். மற்றவர் கணக்குத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சென்ற ஆண்டு ஒரு வைப்புத்தொகை முதிர்ந்தது. முழங்கால்கள் ஒத்துழைக்கும்போதே ஒருமுறை கடல் கடந்துவிட வேண்டும் என்று தீர்மானித்தோம். லண்டனில் உறவினர் வீடு இருக்கிறது. அங்கே சில நாள். எங்களுக்கென்று மூன்று நாள் மட்டும் தனியே. அந்த மூன்று நாளை எங்கே செலவிடுவது என்பதில்தான் பேச்சு தொடங்கியது. சுற்றுலா முகவர் ஒருவர் ஸ்காட்லாந்து என்றார். ஏரி, கோட்டை, பேருந்திலேயே இந்தியச் சாப்பாடு. உறவினர்கள் பாரிஸ் என்றார்கள். வரலாறு கற்பித்தவர் ரெக்ஸம் என்றார். கணக்குப் பார்த்தவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, “அந்த ஆள் இங்கேயிருந்து அள்ளிக்கொண்டு போனது போதாதா, நாமும் கொண்டுபோய்க் கொடுக்கணுமா?” என்று கேட்டார்.

அந்தக் கேள்வி எங்கள் வீட்டில் பல வாரங்கள் தங்கியிருந்தது. காப்பி ஆறும்வரை பேசியிருக்கிறோம். யேல் பெரும் செல்வத்தைச் சேர்த்தது கம்பெனிச் சம்பளத்தால் அன்று. சொந்த வணிகம், கோல்கொண்டா வைரம், சக அதிகாரிகளோடு ஓயாத வழக்கு. ஆளுநர் பதவியிலிருந்து அவரைக் கம்பெனியே நீக்கியது. அதைவிடக் கசப்பானது, இந்தக் கரையிலிருந்து நடந்த அடிமை வாணிகம். ஐரோப்பாவுக்குப் போகும் ஒவ்வொரு கப்பலும் செயின்ட் ஹெலினா தீவுக்குக் குறைந்தது பத்து அடிமைகளை ஏற்றிச் செல்ல வேண்டும் என்ற கட்டளை யேல் தலைமையேற்றிருந்த ஆண்டுகளின் கோட்டைப் பதிவேடுகளில் இருக்கிறது. யாரை ஏற்றினார்கள்? பஞ்சத்தில் தம்மையும் பிள்ளைகளையும் விற்றவர்களை, பிடித்துக்கொண்டு வரப்பட்டவர்களை. நம் ஊர்க்காரர்களை. இங்கிலாந்து திரும்பிய பிறகு வரையப்பட்ட ஓவியமொன்றில் யேலுக்கு அருகே ஒரு சிறுவன் நிற்கிறான். அவன் கழுத்தில் உலோக வளையம். அமெரிக்காவில் அந்த ஓவியத்தைச் சுவரிலிருந்து கழற்றினார்கள், மீண்டும் மாட்டினார்கள். 2024 பிப்ரவரியில் யேல் பல்கலைக்கழகம் அடிமை முறையோடு தனக்கிருந்த தொடர்புகளுக்காக முறைப்படி மன்னிப்புக் கேட்டது.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு அவர் பெயர் வந்த கதையையும் கணக்குப் பார்த்தவர் விடவில்லை. 1718இல் யேல் அனுப்பியது ஒன்பது மூட்டைச் சரக்கு, 417 புத்தகங்கள், ஜார்ஜ் மன்னரின் படம். மூட்டைகளில் காலிகோவும் மஸ்லினும் இருந்தன. சரக்கை விற்றதில் ஏறத்தாழ 562 பவுண்டு கிடைத்தது. “உலகத்தில் இவ்வளவு மலிவாகப் பெயர் வாங்கியவர் வேறு யாரும் இருக்க முடியாது” என்பது அவருடைய தணிக்கைக் குறிப்பு.

அப்படியானால் ஏன் போக வேண்டும்? ஒரு சமாதியைப் பார்ப்பதும் ஒரு சமாதியை வணங்குவதும் ஒன்றல்ல என்று வரலாறு கற்பித்தவர் வாதிட்டார். நம் ஊரின் கதையில் பாதி அங்கே கிடக்கிறது. அதைப் பார்க்க நமக்கு யாருடைய அனுமதியும் வேண்டாம் (விசாவைத் தவிர). ஸ்காட்லாந்து ஏரிக்கரையில் நாம் வெறும் பயணிகள். ரெக்ஸமில் அப்படியல்ல, அங்கே நாம் கணக்குக் கேட்க வந்தவர்கள். இந்தக் கடைசிச் சொல்தான் கணக்குப் பார்த்தவரை அசைத்தது. ஒரேயொரு நிபந்தனை விதித்தார்: அந்தக் கல்லறையில் பூ வைக்கக் கூடாது. ஒப்புக்கொண்டோம்.

ஏற்பாடுகளில் சொல்லத் தகுந்தது அதிகமில்லை. பிரிட்டனின் ஆறு மாதப் பயண விசாவுக்கு 2025 ஏப்ரலில் கட்டணம் 127 பவுண்டு ஆனது, ஆளுக்கு அவ்வளவு. பயணத்தின் நோக்கம் என்ன என்ற கட்டத்தில் ‘சுற்றுலா’ என்று குறித்தோம். ‘கணக்குக் கேட்க’ என்பதற்கு அங்கே கட்டம் இல்லை. லண்டன் யூஸ்டன் நிலையத்திலிருந்து செஸ்டருக்கு இரண்டு மணி நேரம். அங்கே வண்டி மாறினால் கால் மணி நேரத்துக்குச் சற்று மேல் ரெக்ஸம். மான்செஸ்டரில் இறங்குகிறவர்களுக்கும் செஸ்டர் வழிதான். காலம் ஜூன் என்று முடிவு செய்தோம். ஒன்பதரை மணிவரை வெளிச்சம் இருக்கும் என்பதால் மூன்று நாள் ஏறத்தாழ நாலரை நாளாக நீளும் என்று கணக்கு சொல்லிற்று. டிசம்பரில் நான்கு மணிக்கே இருட்டிவிடுமாம். ஞாயிற்றுக்கிழமை முற்பகலைத் தவிர்த்தோம். வழிபாட்டுக்கு வந்தவர்கள் நடுவே படமெடுத்துக்கொண்டு திரிவது நாகரிகமில்லை. மயிலாப்பூரில் வெளிநாட்டவர் செய்யும்போது நாம் முகஞ்சுளிப்பதுதானே.

முதல் நாள் முழுவதும் செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்துக்கு. பதினாறாம் நூற்றாண்டில் எழுந்த அதன் கோபுரம் 136 அடி உயரம். வேல்ஸின் ஏழு அதிசயங்கள் என்று ஒரு பழைய நாட்டுப்பாடல் வரிசையிடுகிறது; அதில் இந்தக் கோபுரம் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயிலின் விமானம் இதைப்போல் ஒன்றரை மடங்கு, கட்டப்பட்டது ஐந்து நூற்றாண்டு முன்பு என்று ஒப்பிட்டுப் பெருமைப்பட்டுக்கொள்ளும் பழக்கத்தை இந்தப் பயணத்தில் விட்டுவிடுவதென்று எங்களுக்குள் ஓர் உடன்படிக்கை உண்டு. ஆயினும் ஒருமுறை எழுதிவிட்டோம். கோபுரத்துக்கு வெளியே மேற்குப் பக்கம் யேலின் கல்லறை. 1721 ஜூலையில் லண்டனில் இறந்தவரை இங்கே கொண்டுவந்து அடக்கினார்கள். மேலே பொறித்திருக்கும் செய்யுள் ஒரு முகவரிப் பட்டியலைப் போல அவர் பிறந்த கண்டம், வளர்ந்த கண்டம், திரிந்த கண்டம், மணந்த கண்டம் என்று நான்கையும் சொல்கிறது. மணந்த கண்டம் என்பது நம் கோட்டைத் தேவாலயம். பிறகு, செய்த நன்மையும் தீமையும் ஈடாகிவிட்டிருக்கும் என்று நம்புவதாக ஒரு கருத்து வருகிறது. வழக்கமாகக் கல்லறைகள் பொய் சொல்லும். இது பேரம் பேசுகிறது. வணிகனுக்குப் பொருத்தமான செய்யுள்தான். அந்தக் கல்லில் மதராஸ் என்ற சொல்லே இல்லாமல் ஆசியா என்று கண்டமாக மட்டும் நாம் நிற்கிறோம் என்பதையும் கவனித்துக்கொண்டோம். அமெரிக்காவில் யேல் வளாகத்தில் இதே கோபுரத்தைப் பார்த்து ஒன்று கட்டியிருக்கிறார்கள். நாங்கள் அதைப் பார்க்கப் போவதில்லை. வைப்புத்தொகை அவ்வளவு பெரியதன்று.

தேவாலயத்தைப் பற்றிப் படித்துக்கொண்டு போகையில் எதிர்பாராத ஒருவர் எதிரே வந்தார். ரெஜினால்டு ஹீபர். திருச்சியில் அவர் பெயரால் கல்லூரி இருக்கிறது. எங்களில் ஒருவரின் தம்பி அங்கேதான் படித்தார். 1819இல் பெந்தெகொஸ்தே நாளுக்கு முந்தைய மாலை, ஹீபர் தம் மாமனாரின் வீட்டில் விருந்தாளியாக இருந்தார். மாமனார் ரெக்ஸம் திருச்சபையின் குரு. மறுநாள் மிஷன் பணிக்கு நன்கொடை திரட்டும் கூட்டம். பாடுவதற்கு ஏதேனும் எழுதித் தரும்படி மாமனார் கேட்டார். ஹீபர் அறையின் ஒரு மூலைக்குப் போய் உட்கார்ந்து அரை மணிக்குள் எழுதி முடித்தார். மறுநாள் காலை செயின்ட் ஜைல்ஸில் அது பாடப்பட்டது. ஆங்கில உலகம் முழுவதும் ஒரு நூற்றாண்டு காலம் பாடிய அந்தக் கீதம், பனி நாட்டிலிருந்து இந்தியாவரை எல்லாரையும் இருளிலிருந்து மீட்கப் புறப்படுகிறது. நடுவில் இலங்கைக்கு வந்து, தீவின் அழகைப் புகழ்ந்துவிட்டு, மனிதர்களை மட்டும் இழிவாகச் சொல்கிறது. காந்தி இதை எடுத்துக்காட்டிக் கண்டித்திருக்கிறார். அதை எழுதியபோது ஹீபர் இலங்கையையும் பார்த்ததில்லை, இந்தியாவையும் பார்த்ததில்லை.

பிறகு பார்த்தார். 1823இல் கல்கத்தாவின் பேராயரானார். 1826இல் தெற்கே வந்தார். ஈஸ்டரன்று தஞ்சையில் இருந்தார், சரபோஜி மன்னரைச் சந்தித்தார். ஒரு வாரம் கழித்து, ஏப்ரல் 3ஆம் நாள், திருச்சியில் வழிபாடு முடித்து வெயிலில் திரும்பி, குளிக்கும் தொட்டியில் இறங்கினார். அங்கேயே இறந்து கிடந்தார். வயது 42. திருச்சி தூய யோவான் தேவாலயத்தில் அடக்கம். சிற்பி சாண்ட்ரி செதுக்கிய அவருடைய நினைவுச் சிற்பம் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தொலைவில், கதீட்ரல் சாலையில் உள்ள தூய ஜார்ஜ் பேராலயத்தில் இருக்கிறது. அது வரையில் எத்தனையோ முறை அந்தச் சுவரைக் கடந்து போயிருக்கிறோம். மதராசில் பொருளீட்டியவர் ரெக்ஸம் மண்ணுக்குப் போனார். ரெக்ஸமில் பாட்டெழுதியவர் நம் காவிரிக் கரைக்கு வந்து சேர்ந்தார். ஊழ் என்ற சொல்லைக் கணக்குப் பார்த்தவர் ஏற்பதில்லை; ‘எதிர்ப்பதிவு’ என்றார்.

இரண்டாம் நாள் எர்த்திக். ஊரிலிருந்து இரண்டு மைல் தொலைவில் உள்ள பெரிய மாளிகை. இப்போது நேஷனல் டிரஸ்ட் பராமரிக்கிறது. யேல் குடும்பத்தின் வீடான பிளாஸ் குரோனோ இதன் பக்கத்திலேயே இருந்தது. அதை 1876இல் இடித்துவிட்டார்கள். எர்த்திக்கைக் கட்டிய ஜோஷுவா எடிஸ்பரி யேலின் அண்டை வீட்டுக்காரர். 1682 வாக்கில் மதராசுக்கு அவர் பீர்ப் பீப்பாய்கள் நான்கை அனுப்பினார். மறுமொழியாக யேல் அரக்குப் பூச்சிட்ட மடிப்புத் திரை ஒன்றை அனுப்பினார். அந்தத் திரைதான் என்று கருதப்படுவது இன்றும் மாளிகையில் இருக்கிறது. சீனத்தில் செய்யப்பட்ட இவ்வகைத் திரைகளை ஐரோப்பியர் ‘கோரமாண்டல்’ திரை என்று அழைத்தார்கள். நம் கரை வழியாகக் கப்பலேறி வந்ததால் வந்த பெயர். சோழமண்டலம் வேல்ஸ் நாட்டுப் படுக்கையறையில் ஒரு மரச்சாமானின் பெயராக நிற்கிறது. ராஜேந்திர சோழன் இவ்வளவு தூரம் வந்ததில்லை. எடிஸ்பரி பின்னர் கடனில் மூழ்கி நொடித்துப்போனார், மாளிகை கைமாறியது. அதன் பிறகு வந்த யார்க் குடும்பத்தார் செய்த ஒரு காரியத்துக்காகவும் எர்த்திக்கைப் பார்க்க வேண்டும்: தம் வேலைக்காரர்களை, தச்சரையும் சமையற்காரியையும் பன்றி மேய்ப்பவரையும், ஓவியமாக வரைந்து, பிறகு புகைப்படம் எடுத்து, அவரவரைப் பற்றிச் செய்யுளும் எழுதிச் சுவரில் மாட்டினார்கள். செய்யுள்கள் சுமார் என்று கேள்வி. ஆனாலும் நம் ஊர் ஜமீன் மாளிகைகளில் எத்தனை சமையற்காரர்களின் முகம் சுவரில் இருக்கிறது?

அன்று மாலை கிரெஸ்ஃபர்டு. அங்கே தேவாலயத்தின் மணிகளும் ஏழு அதிசயங்களில் ஒன்று. ஆனால் நாங்கள் போவது மணியோசைக்கு அன்று. 1934 செப்டம்பர் 22 அதிகாலை கிரெஸ்ஃபர்டு நிலக்கரிச் சுரங்கத்தில் வெடிப்பு. 266 பேர் மாண்டார்கள். ஒருசிலரின் உடல்கள்தான் வெளியே வந்தன. மற்றவர்களோடு சேர்த்துச் சுரங்கப் பகுதியை மூடிவிட்டார்கள். விடியும்வரையான வேலைநேரத்துக்கு அன்று கூடுதலாக ஆட்கள் வந்திருந்தார்கள்; மறுநாள் பிற்பகல் கால்பந்தாட்டம் பார்க்க வேண்டும் என்பதற்காகப் பலர் வேலை முறையை மாற்றிக்கொண்டதாக ஊரார் சொல்வது வழக்கம். சுரங்கத்தின் இரும்புச் சக்கரமொன்று நினைவுச் சின்னமாக நிற்கிறது. நம் நாட்டில் சாஸ்நாலா 1975இல் நினைவுக்கு வராமல் போகாது. பூ வாங்குவதென்றால் இங்கே வாங்குவதென்று முடிவு செய்திருக்கிறோம்.

ரெக்ஸம் என்றதும் எங்கள் உறவில் உள்ள கல்லூரிப் பையன் மட்டும் துள்ளினான். “பெரியம்மா, அந்த ஃபுட்பால் டீம் ஊரா?” 2021இல் இரண்டு நடிகர்கள் அங்கே மூழ்கிக்கொண்டிருந்த ஒரு கால்பந்துக் குழுவை வாங்கினார்கள், குழு 2023, 2024, 2025 என மூன்று ஆண்டுகள் தொடர்ந்து ஒவ்வொரு படியாக மேலேறியது. அதைத் தொலைக்காட்சித் தொடராகப் பார்த்திருக்கிறான். அவர்களின் ரேஸ்கோர்ஸ் மைதானத்தில் 1877இலேயே பன்னாட்டு ஆட்டம் நடந்தது. ரெக்ஸம் சட்டப்படி நகரமானதே 2022இல்தான் என்பதும் அவன் சொல்லித் தெரிந்தது. அவனுக்கு ஒரு சிவப்புக் கழுத்துத்துணி வாங்கி வர வேண்டும். அது பட்டியலில் ஏறிவிட்டது.

இலக்கிய நண்பர்களுக்கு வேல்ஸ் என்றால் டிலன் தாமஸ். அவர் தெற்கே ஸ்வான்ஸீக்காரர்; எங்கள் வழியில் இல்லை. ரெக்ஸமுக்குத் தெற்கே சர்க் என்னும் சிற்றூரில் ஆர்.எஸ். தாமஸ் 1936 முதல் இளங்குருவாக இருந்தார். வேல்ஸ் மொழியை வளர்ந்த பிறகு கற்றுக்கொண்டு, அதன்மீது தீராப் பற்று வைத்து, கவிதை மட்டும் ஆங்கிலத்திலேயே எழுத நேர்ந்தவர். இருமொழியில் வாழும் நமக்கு அந்த வலி அந்நியமானதன்று. ஊரெங்கும் பலகைகள் இரண்டு மொழியில் இருக்கும். ரெக்ஸம் அங்கே ‘ரெக்சாம்’ என்று வேறு எழுத்தில் நிற்கும். அவர்களிடம் ஓர் ‘ல’ உண்டு. நாக்கை ல சொல்லும் இடத்தில் வைத்துக்கொண்டு குரலின்றிக் காற்றை மட்டும் பக்கவாட்டில் விட வேண்டும். ழகரத்தைப் பிறர் சொல்லக் கேட்டு நகைத்த நாங்கள் இரண்டு மாதமாக இதைப் பழகிக்கொண்டிருக்கிறோம். பூனை சீறுவது போல் வருகிறது.

அவர்களுடைய கவிதை விழா ஐஸ்தெத்வொத். ஆண்டுதோறும் ஊர் ஊராகப் போகும்; 2025 ஆகஸ்டில் ரெக்ஸமில் நடந்தது. யாப்பு வழுவாத நெடுங்கவிதைக்கு ஒரு நாற்காலி பரிசு. அடியின் முற்பகுதியில் வந்த மெய்யெழுத்துகள் பிற்பகுதியில் அதே வரிசையில் திரும்ப வர வேண்டும் என்பது போன்ற கடும் தொடை விதிகள். மோனை எதுகை அறிந்தவர்கள் அதன் சிரமத்தை உணர்வார்கள். பத்திரிகையில் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்ட காலம் நினைவுள்ளவர்கள் பொறாமையும் படுவார்கள். கவிஞர்கள் புனைபெயரில் அனுப்புவார்கள். மேடையில் அந்தப் பெயரை அழைத்து எக்காளம் ஊதியதும், கூட்டத்தில் எங்கோ ஒருவர் எழுந்து நிற்க வேண்டும். 1876இல் ரெக்ஸமில் அழைத்தார்கள், யாரும் எழுந்திருக்கவில்லை. கவிதையை அனுப்பிவிட்டு அவர் இறந்திருந்தார். நாற்காலிக்குக் கறுப்புத் துணி போர்த்தினார்கள். முதல் உலகப் போரில் மாண்ட ஹெத் வின்னுக்கு 1917இல் நேர்ந்ததுதான் உலகறிந்தது. ரெக்ஸம் அதற்கு நாற்பது ஆண்டு முன்பே அதைக் கண்டது.

மூன்றாம் நாளில்தான் சண்டை. பேருந்தில் போகும் தொலைவில் பொன்ட்கசல்த்தே இருக்கிறது: தாமஸ் டெல்ஃபோர்டு கட்டி 1805இல் திறந்த நீர்ப்பாலம். பள்ளத்தாக்கின் மேல் 126 அடி உயரத்தில், ஆயிரம் அடி நீளத்துக்கு இரும்புத் தொட்டியில் கால்வாய் ஓடுகிறது. அதில் படகு போகிறது. 2009 முதல் உலகப் பாரம்பரியச் சின்னம். ஒரு பக்கம் நடைபாதைக்குக் கைப்பிடி உண்டு. படகின் மறுபக்கம் ஒன்றுமே இல்லை, கீழே டீ ஆறு. கணக்குப் பார்த்தவர் ஆயுள் முழுவதும் பாலக் கணக்குகளைத் தணிக்கை செய்தவர். அவருக்கு இதைப் பார்த்தே ஆக வேண்டும். இதிலாவது நம் பணம் எதுவும் இல்லை என்பது அவர் வாதம். மாத்தூர் தொட்டிப்பாலத்தைப் பார்த்தவர்களுக்கு இதைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

வரலாறு கற்பித்தவருக்குப் போவிஸ் கோட்டை. ரெக்ஸமிலிருந்து ஷ்ரூஸ்பரிக்குப் போய் வண்டி மாறி வெல்ஷ்பூலில் இறங்கி மேடேற வேண்டும். அந்தக் கிளையில் வண்டிகள் அடிக்கடி இல்லை, ஒன்றைத் தவறவிட்டால் அரை நாள் போயிற்று. அங்கே இருப்பது கிளைவ் குடும்பத்தின் சேகரிப்பு. ராபர்ட் கிளைவின் திருமணமும் 1753இல் நம் கோட்டைத் தேவாலயத்தில் நடந்ததுதான். அவருடைய மகன் எட்வர்டு 1798 முதல் 1803 வரை மதராசின் ஆளுநர். ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவர். அவர் மனைவி ஹென்ரியெட்டா 1800இல் பெண்களையும் அழைத்துக்கொண்டு வேலூர், மைசூர், கோவை, திருச்சி, தஞ்சாவூர் என்று ஆயிரம் மைலுக்கு மேல் சுற்றினார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்த பிறகு சிதறிய திப்புவின் பொருள்களில் பல அந்தக் குடும்பத்தின் கைக்கு வந்தன. திப்புவின் கூடாரம் போவிஸில் இருக்கிறது. பருத்தித் துணியில் பூவேலை செய்த கூடாரம். அதைத் தோட்ட விருந்துகளுக்கு விரித்தார்களாம். அரியணையை அலங்கரித்த பொன் புலித்தலைகளில் ஒன்றும் அங்கேதான்.

“கணக்குக் கேட்கப் போகிறோம் என்று சொல்லித்தானே கிளம்பினோம். பேரேடு முழுக்க அங்கேதான் இருக்கிறது” என்றார் வரலாறு கற்பித்தவர். “பேரேட்டைப் பார்த்து என்ன செய்யப் போகிறோம்? கையெழுத்துப் போட்டுவிட்டா வரப்போகிறோம்?” என்றார் மற்றவர். ஒரு வாரம் வீட்டில் பாலமா புலியா என்பதைத் தவிர வேறு பேச்சில்லை. பிறகு கணக்குப் பார்த்தவரே ஒரு வழி சொன்னார்: வானம் வெளுத்திருந்தால் பாலம், மழை பெய்தால் கோட்டை. வேல்ஸின் மழைக் கணக்கை அவர் முன்பே பார்த்து வைத்திருந்தார் என்று சந்தேகம். விட்டுக்கொடுப்பதை விட்டுக்கொடுப்பதாகக் காட்டிக்கொள்ளாமல் செய்வது அவர் வழக்கம். மறுநாளே வெல்ஷ்பூல் வண்டியின் நேரங்களை எழுதி நாட்காட்டியின் பின்பக்கம் ஒட்டிவிட்டார். குடை இரண்டு, முழங்காலுக்குப் பட்டை ஒரு ஜோடி, சட்டக் கல்லூரி வளாகத்தில் எடுத்த தூபியின் படம் அஞ்சலட்டை அளவில் நான்கு பிரதி. செயின்ட் ஜைல்ஸ் தேவாலயத்தாரிடம் ஒன்றைக் கொடுக்க எண்ணம். படத்தின் பின்புறம் பெயரும் ஆண்டும் இடமும் எழுதியாயிற்று. ‘மதராஸ்’ என்று எழுதுவதா ‘சென்னை’ என்று எழுதுவதா என்பதில் மட்டும் சற்று நேரம் பேனா நின்றது. இரண்டையும் எழுதினோம்.